பின்னால் யாரும் இல்லை

கடைசி அக்கா என்று சொன்னால்தான் அவளை அங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அவள் மூத்தவள். தம்பிகளையும் தங்கையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய ஆள் வேண்டும் என்று படிப்பை ஏழாவதோடு நிறுத்தினார்கள். கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணும் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு இந்தப் பெயர் வந்தது. காட்டுப் பாதையில் எல்லோருக்கும் பின்னால், கடைசி சைக்கிளில் வருவது அவள் வேலை.

அந்தப் பாதையில் ஒரு காலத்தில் மரம் ஏற்றிய லாரிகள் ஓடின. மலையின் தோளில் தொடங்கி, காட்டுக்குள்ளேயே வளைந்து வளைந்து, ஓர் ஓடையைத் தாண்டி, ஒரு மேடு ஏறி, மறுபடி அடிவாரத்துக்கு இறங்கும். மரம் வெட்டுவது நின்றதும் லாரிகளும் நின்றுபோயின. கொஞ்ச காலம் புல்லும் முள்ளும் மூடிக் கிடந்தது. பிறகு ஒரு நிறுவனம் அதை எடுத்து, பள்ளங்களை நிரவி, சரளைக்கல் பரப்பி, மேலே ஒரு கேட், கீழே ஒரு கேட் போட்டு, சைக்கிளுக்கு மட்டும் என்று விட்டது. கார் வரக் கூடாது. மோட்டார் வைத்த எதுவும் வரக் கூடாது. மேலே இருக்கும் கொட்டகையில் தடித்த டயர் போட்ட சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினால், கீழ் கேட் வரைக்கும் சக்கரத்துக்கு அடியில் கல் நொறுங்கும் சத்தமும், மரங்களுக்குள் காற்று நுழைந்து போகும் சத்தமும்தான். நகரத்திலிருந்து வருகிறவர்கள் கீழே வந்து இறங்கும்போது குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், பக்கத்தில் ஏதோ குழந்தை தூங்குகிற மாதிரி.

அப்படிப் போகிறவர்களில் யாராவது ஒருத்தர் டயர் பஞ்சராகி நிற்பார். யாராவது மூச்சு வாங்கிக் கல்லில் உட்கார்ந்திருப்பார். ஒருத்தர் கையுறையை விட்டுவிட்டுப் போவார், ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை. ஒரு தடவை ஒரு பெரியவர் பல்செட்டையே மேட்டில் விட்டுவிட்டுக் கீழே வந்து தேடினார். இவர்களையெல்லாம் பார்த்து, தேற்றி, விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு கடைசியாக ஒருத்தர் வர வேண்டும். அந்த ஆளின் சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதற்கு வால் என்று பெயர். வால் கட்டியவர் பாதையில் யாரையும் முந்தக் கூடாது. முன்னால் போகிறவர் நத்தை மாதிரி நகர்ந்தாலும் பின்னாலேயேதான் வர வேண்டும். நடுவழியில் உடம்புக்கு முடியாமல் போனால் வேறு ஆள் வந்து, அந்தத் துணியை அவிழ்த்துத் தன் வண்டியில் கட்டிக்கொண்டு, "நான் கடைசி, நீங்க போங்க" என்று சொல்வார். அப்படிச் சொன்ன பிறகுதான் முதல் ஆள் முன்னால் போகலாம். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். வால் மாற்றுவது என்பார்கள்.

கீழ் கேட்டில் இன்னொரு வழக்கம். அங்கே காவலுக்கு இருந்தவரைப் பூட்டண்ணன் என்று கூப்பிடுவார்கள். பெரிய இரும்புச் சங்கிலியும் கையகலப் பூட்டுமாக மாலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். கடைசி ஆள் வந்து இறங்கி, "பின்னால யாரும் இல்ல" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டார். சொன்னால்தான் பூட்டுவார்.

"பின்னால யாரும் இல்லண்ணே."

"முன்னால?"

"முன்னால நீங்கதான் நிக்கிறீங்க."

"அப்பாடா. நான் இருக்கேனா இல்லையான்னு தினமும் நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அதோடு அவர் சங்கிலியை இழுப்பார். வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற அவளுக்கு ஒரு நாளில் அதிகம் பேசுவதே இந்தப் பேச்சாகத்தான் இருக்கும்.

இந்த வேலையை அவளுக்கு முன்னால் செய்தவர் அவள் கணவர்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஒரு அறை, ஒரு சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே அவர் சைக்கிள் ட்யூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பார். பாத்திரத்தில் ரப்பர் நாற்றம் அடிக்கிறது என்று மகள் கத்துவாள். அவளும் அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரும் பேசாதவர்கள். அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது மகளுடையதுதான். அவர் பேசாமல் வந்து உட்காருவார், அவள் பேசாமல் தட்டை வைப்பாள். அவர் முகத்தைப் பார்த்தே இன்று மேட்டில் எத்தனை பேரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். மகள் பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் இருந்தாள், இவளுக்கு முன்நெற்றியில் நரை வந்திருந்தது. விடுமுறை நாளில் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சமதளத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். "பிடிச்சிருக்கீங்களா?" என்று அவள் திரும்பாமலே கேட்டாள். "பிடிச்சிருக்கேன்." இன்னும் கொஞ்சம் போய், "பிடிச்சிருக்கீங்களா?" "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்." அந்தக் குரல் எப்போதோ தூரத்தில் போயிருந்தது. அவள் வேலியில் மோதி விழுந்து நிமிர்ந்தபோது, அவர் தொடங்கின இடத்திலேயே இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அவள் பார்த்தது குறைவு.

அவருடைய வண்டியில் ஒரு குறை உண்டு. பின்சக்கரத்தின் வளையம் லேசாகக் கோணியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசி, சர்க் என்று ஒரு சத்தம் வரும். சர்க், சர்க், சர்க். கொட்டகையில் வண்டிகளைச் சரிபார்க்கிறவரை ஸ்பானர் மாமா என்பார்கள். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பல் கூசும்.

"கொண்டாய்யா இங்க. ரெண்டு கம்பியை முறுக்கினா தீர்ந்துச்சு. எனக்குத்தான் மானம் போகுது."

"இருக்கட்டும்ங்க."

"எது இருக்கட்டும்? கிழிஞ்ச முறத்தைத் தேய்க்கிற மாதிரி போறே, அதுவா?"

"முன்னால போறவங்களுக்குப் பின்னால ஆள் இருக்குன்னு தெரியணும்ல" என்றார் அவர். அதற்கு மேல் ஸ்பானர் மாமா தொடவில்லை.

அவர் இறந்தது அந்தப் பாதையில்தான். ஓடைப் பள்ளத்தில், நெஞ்சு வலி வந்து, வண்டியோடு சாய்ந்தார். அன்றைக்கு மழை. மழை வந்தால் சில நேரம் கடைசி ஆள் பாதி வழியில் திரும்பி மேல் கேட்டுக்கே போய்விடுவது உண்டு. பூட்டண்ணன் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, மேலே திரும்பியிருப்பார் என்று நினைத்துப் பூட்டினார். வாயால் சொல்லிக் கேட்காமல் அவர் பூட்டியது அந்த ஒரு தடவைதான். மேலே இருந்தவர்கள் கீழே போயிருப்பார் என்று நினைத்தார்கள். அவளோ, ட்யூப் ஒட்ட உட்கார்ந்திருப்பார் என்று சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் வந்து பார்க்க ஆள் கிடையாது. விடிந்த பிறகு சைக்கிளில் வந்த முதல் ஆள்தான் அவரைக் கண்டார்.

மழைக்காலம் முடிந்து மேனேஜர் ஆள் அனுப்பினார். வேலை காலியாகத்தான் இருக்கிறது, அக்காவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமாமே, வருவாரா என்று. மகளுக்குப் பிடிக்கவே இல்லை. "அப்பா செத்த இடத்துல தினமும் போய் நிக்கப் போறியா?" என்றாள். அவள் கணவரின் மழைக்கோட்டை எடுத்து, கையை உள்ளுக்கு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பழைய துணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அலுவலகத்தில் புதிதாக ஒரு சிவப்புத் துணி கிழித்துக் கொடுத்தார்கள்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பயந்தது போல ஓடைப் பள்ளம் அவளை ஒன்றும் செய்யவில்லை. பாசி, பெரணி, கல்லுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர். எல்லா இடமும் போல அதுவும் ஓர் இடம். இலை உதிர்ந்து மரங்கள் மொட்டையாக நிற்கும் பருவம் வந்தது. ஒருநாள் மாலை, ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்னால் கேட்டது.

சர்க். சர்க். சர்க்.

அவள் பிரேக்கைப் பிடித்து நின்றாள். சத்தமும் நின்றது. ஆனால் அவளோடு சேர்ந்து நிற்கவில்லை. அவள் நின்று, இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. திரும்பிப் பார்த்தாள். பாதை வெறுமையாகக் கிடந்தது. அவள் வந்த டயர் தடம் மட்டும் ஈரச் சரளையில் ஒரு கோடாகத் தெரிந்தது.

மிதித்தாள். பின்னால் மறுபடி தொடங்கியது. பக்கத்தில் வரவில்லை, விலகவும் இல்லை. இறக்கத்தில் அவள் வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது. கேட் கண்ணுக்குத் தெரியும் கடைசி வளைவில் நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி, பேய் அடிச்ச மாதிரி வரே?" என்றார் பூட்டண்ணன்.

"மூச்சு வாங்குது."

"பின்னால?"

"பின்னால... யாரும் இல்லண்ணே."

சங்கிலி விழுந்தது. பூட்டு கடக்கென்று மூடியது. அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் அவள் காதில் முதல்முறையாக விழுந்த மாதிரி இருந்தது.

அதிலிருந்து தினமும் கேட்டது. ஓடைப் பள்ளத்தில் தொடங்கி, கடைசி வளைவு வரை. ஸ்பானர் மாமாவிடம் தன் வண்டியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சத்தமே இல்லாமல் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "எண்ணெயில நீஞ்சுது உன் வண்டி. இதுல என்ன குறை கண்டே?" என்றார்.

மகள் சும்மா இருப்பாளா? அவள் நகரத்தில் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். கடைக்கு மேல்மாடியில் காது டாக்டர் இருந்தார். தரதரவென்று கூட்டிக்கொண்டு போனாள். காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றார்கள். எவ்வளவு சின்னச் சத்தத்துக்கும் இவள் கை உயர்ந்தது. டாக்டரே அசந்து போனார்.

படியிறங்கும்போது மகள் சொன்னாள்: "கேட்டியா? காதுல ஒண்ணும் இல்லயாம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். காதுல இல்ல, பின்னால."

"அம்மா, என்னோட வந்து இருந்துடேன். ரூம் சின்னதுதான். ஆனா ஒரு ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கு. நாள் முழுக்க வண்டிச் சத்தம். எந்தப் பேயும் அங்க நிம்மதியா ஒரு ராத்திரி தங்காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போகிறேன் என்று சொல்லவில்லை. போய்விட்டால், பின்னால் வருகிறவர் யாருக்குப் பின்னால் வருவார்?

பயம் கொஞ்ச நாளில் தேய்ந்துவிட்டது. பாதையில் அந்தச் சத்தத்தோடு போவது ஒருவகையில் வீட்டில் இருந்தது போலத்தான் இருந்தது. இரண்டு பேரும் பேசாமல், ஒருத்தர் இருக்கிறார் என்று ஒருத்தருக்குத் தெரிந்தபடி. அவளால் தாங்க முடியாமல் போனது கேட்டில் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான். அவர் அங்கே, வளைவுக்கு அந்தப்புறம், வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவள் இங்கே நின்றுகொண்டு, பின்னால் யாரும் இல்லை என்கிறாள். பூட்டண்ணன் பூட்டுகிறார். முதல் தடவை ஆள் இருப்பது தெரியாமல் பூட்டினார்கள். இப்போது தெரிந்தே பூட்டுகிறார்கள், அதுவும் அவள் வாயால் சொல்லி. வீட்டுக்கு வந்து தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைப்பாள். வெளியே குளிர் காற்று அடித்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள்.

ஒரு மாலை, மூடுபனி தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. கேட்டில் வந்து இறங்கினாள். பூட்டண்ணன் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

"சொல்லு தங்கச்சி."

அவள் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

"என்ன, வாய்ல கொழுக்கட்டையா? பின்னால யாராவது இருக்காங்களா?"

"இருக்கார்" என்றாள்.

"யாரு?"

அவள் முகத்தைப் பார்த்த பூட்டண்ணனின் கையிலிருந்து சங்கிலி நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. இரண்டு பேரும் கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. நன்றாக இருட்டிய பிறகு பூட்டண்ணன் மெல்லச் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போம்மா. இன்னைக்குப் பூட்ட வேண்டாம். அன்னைக்கும் நான் பூட்டியிருக்கக் கூடாது."

அவள் போனாள். அவர் காவல் அறையில் உட்கார்ந்து பார்த்தபடியே தூங்கிவிட்டார்.

காலையில் பார்த்தால் பாதை நாசமாகிக் கிடந்தது. கேட் திறந்திருப்பதைப் பார்த்து எவனோ வேனை உள்ளே ஓட்டியிருக்கிறான். ஈரச் சரளையைக் கிளறி, மேடு வரைக்கும் இரண்டு பக்கமும் ஆழமான சக்கரத் தடம். ஒரு வளைவில் வண்டி சிக்கி, சுற்றிச் சுற்றி மண்ணைத் தோண்டியிருந்தது. இளம் மரம் ஒன்று முறிந்து கிடந்தது. அந்த வாரம் முழுக்கப் பாதையை மூடிவிட்டு, கூடையில் கல் சுமந்து நிரவினார்கள். அவளும் சுமந்தாள், பூட்டண்ணனும் சுமந்தார்.

மேனேஜருக்கு அவளைவிட வயது குறைவு. கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசக் கூடியவர். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா இந்தப் பாதைக்கு ஒரே ஒரு நல்ல பேர்தான் இருக்கு, இங்க வண்டி வராதுன்னு. குழந்தைங்க ஓட்டுறாங்க. வளைவுல ஒரு வேன் எதிர்ல வந்தா என்ன ஆகும்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குப் பாதை திறக்குது. சாயங்காலம் நானே கேட்டுக்கு வரேன். பின்னால யாரும் இல்லன்னு நீங்க சொல்லணும், இவர் பூட்டணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேருக்குமே இங்க வேலை இல்ல. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பூட்டண்ணனுக்கு வேறு வேலை யாரும் கொடுக்க மாட்டார்கள். அந்தக் காவல் அறைதான் அவருக்கு வீடும். அவர் சாவிக்கொத்தில் சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்தால் அவர் தெருவுக்கு வந்துவிடுவார். சொன்னால், தன் புருஷனைத் தானே மறுபடி காட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். அன்று இரவு அவள் எந்தப் பக்கம் புரண்டாலும் இந்த இரண்டும் மாறி மாறி வந்து நின்றன.

மறுநாள் கொட்டகைக்குப் போனபோது ஸ்பானர் மாமா ஏணியில் நின்று, உத்தரத்துக் கொக்கிகளிலிருந்து பழைய வண்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். காயலான் கடைக்குப் போடப் போகிறார்களாம். கடைசிக் கொக்கியில் இருந்ததை இறக்காமல் நின்றார்.

"உன் வீட்டுக்காரர் வண்டி. நீ வரட்டும்னு விட்டு வச்சிருக்கேன். ஒரு தடவை பார்த்துக்கோ."

இறக்கி அவள் முன்னால் நிறுத்தினார். தூசியும் ஒட்டடையுமாக இருந்தது. சங்கிலியில் துரு. அவள் பின்சக்கரத்தை லேசாகத் தள்ளினாள். சர்க் என்றது. ஸ்பானர் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சீட்டுக்குப் பின்னால் காட்டினார்.

"அட, வால் அப்படியே இருக்கு பாரு. அன்னைக்கு வேன்ல ஏத்தி வந்து அப்படியே மாட்டினது. யாரும் வந்து மாத்தி வாங்கவே இல்ல."

அவள் சக்கரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

யாரும் மாற்றி வாங்கவில்லை. அவளுக்குப் புதுத் துணி கொடுத்தார்கள். பழையது அவரிடமே இருந்துவிட்டது. "நான் கடைசி, நீங்க போங்க" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. அவள் நின்றால் அவரும் நிற்பார். அவள் கேட்டுக்குப் போய்ச் சேர்கிறவரை பின்னாலேயே வருவார். பாதையில் இன்னொரு ஆள் இருக்கிற வரைக்கும் அவரால் வெளியே வர முடியாது. தினமும் பாதையில் கடைசியாக இருந்த அந்த இன்னொரு ஆள் அவள்தான்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. விரலுக்கு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். சிவப்பெல்லாம் போய், கழுவிய செங்கல் நிறத்தில் இருந்தது. மடித்து மழைக்கோட்டின் பையில் வைத்துக்கொண்டாள்.

"அதை வச்சு என்ன பண்ணப் போறே?" என்றார் ஸ்பானர் மாமா.

"வேலை இருக்கு."

அன்று கடைசியாகக் கிளம்பியவர்கள் ஒரு அப்பாவும் மகளும். மகள் முன்னால் பறந்தாள், அப்பா பிரேக்கை விடாமல் திட்டிக்கொண்டே போனார். அவர்கள் குரல் வளைவுகளில் தேய்ந்து மறைந்த பிறகு காடு மறுபடி மூடிக்கொண்டது. புதிதாகப் போட்ட கல் இன்னும் படியாமல் டயரை இழுத்தது. மரங்களின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டியிருந்தது. அவள் ஓடைப் பள்ளத்தில் இறங்கினாள். இறங்கியதும் கேட்டது.

சர்க். சர்க்.

நின்றாள். ஒரு சுற்று கழித்து அதுவும் நின்றது.

வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய புதுத் துணியை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள். பழைய துணியை எடுத்து, அவர் கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சாகக் கட்டினாள். முதல் முடிச்சு நழுவியது. மறுபடி கட்டினாள். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு கிளை முறிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் செய்யுங்கள் என்று அவள் சொன்னதில்லை. அவள் திரும்பவில்லை. பாதையின் ஓரத்துக்கு ஒதுங்கி, முன்பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"என்னங்க. நான் கடைசி. நீங்க போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான். நின்றுகொண்டே இருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. கேட்டில் மேனேஜர் நிற்பார் என்ற நினைப்பு வந்தது. அவள் கெஞ்சுவது போல, "நான் பார்த்துக்கிறேன்ங்க" என்றாள்.

சர்க்.

பின்னால்தான் தொடங்கியது. மெதுவாக, ஏற்றத்தில் மிதிக்கிறவர் மாதிரி. கிட்டே வந்தது. இத்தனை நாளும் வராத அளவு கிட்டே. அவளுக்குப் பக்கத்தில் கல் நொறுங்கியது. ரப்பர் ஒட்டும் பசையின் வாசனை ஒரு கணம் மூக்கில் ஏறியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது சத்தம் அவளுக்கு முன்னால், மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

அவளும் ஏறி மிதித்தாள். முந்தவில்லை. பின்தங்கவும் இல்லை. இறக்கத்தில் அது வேகமெடுத்தது. கடைசி வளைவில் நிற்கும் என்று நினைத்தாள். நிற்கவில்லை.

அவள் கேட்டுக்கு வந்தபோது அப்பாவும் மகளும் போய்விட்டிருந்தார்கள். மேனேஜர் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றார். பூட்டண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி, வெளியே போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க என்ன பார்க்கிறீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமில்ல சார். ஏதோ காத்து" என்று பூட்டண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் இறங்கினாள். யாரும் கேட்கும் முன்பே சொன்னாள்.

"பின்னால யாரும் இல்லண்ணே."

குரல் தெளிவாக இருந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார். பூட்டண்ணன் அவள் வண்டியின் சீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பழைய துணியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார், சிரிக்காமல்.

"முன்னால?"

"போயிட்டார்ணே."

அவர் சங்கிலியை இழுத்தார். சாவி துவாரத்தில் நுழையாமல் இரண்டு மூன்று தடவை பக்கத்தில் குத்தியது. பூட்டிய பிறகும் பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். ஒன்றும் இல்லை. மேட்டில் நின்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அவள் விரும்பியது இதைத்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்குக் காட்டில் உண்மையான பயம் வந்தது. பின்னால் பாதை நீளமாக, காலியாக, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. இங்கே விழுந்தால் வந்து பார்க்க ஒருத்தர் கிடையாது. கேட்டில் வந்து, "பின்னால யாரும் இல்லண்ணே" என்று சொல்லும்போது இப்போது அது உண்மையாக இருந்தது. உண்மை இவ்வளவு கனக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

பூட்டண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ வந்து சொல்லாம நான் பூட்ட மாட்டேன் தங்கச்சி. லேட் ஆனா டார்ச் எடுத்துட்டு உள்ள வந்துடுவேன். இனிமே அப்படித்தான்" என்றார். அவள் தலையாட்டினாள். "வாயால சொல்லு" என்றார். "சரிண்ணே" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஸ்பானர் மாமாவிடம் தன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"பின்சக்கரத்தைக் கொஞ்சம் கோணலாக்கணும்."

"நேராக்கணும்னு சொல்லு."

"இல்ல மாமா. லேசா உரசணும். சத்தம் வரணும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் குனிந்து கம்பிகளைத் தளர்த்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

அன்று மாலை அவளுக்கு முன்னால் தனியாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். ஓடைக்கு முன்னால் நின்று, திரும்பிப் பார்த்து, மூச்சை விட்டாள். "சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு அக்கா. யாரோ கூட வர மாதிரி இருந்துச்சு. அதான் பயப்படாம வந்தேன்" என்றாள். கடைசி அக்கா சிரித்துவிட்டு, நீங்க போங்க என்று கை காட்டினாள்.

அந்தப் பெண் மேடேறி மறைந்தாள். கடைசி அக்கா பள்ளத்தில் இறங்கினாள். சர்க், சர்க், சர்க். தன் சக்கரம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நடுவில் ஒரு தடவை பிரேக்கைப் பிடித்து நின்று பார்த்தாள்.

சத்தமும் நின்றது. அவளோடு சேர்ந்தே நின்றது.